பழைய படமும் பாய் இழைக்கும் கணக்கும்

பன்பாய் இழைக்கும்போது இத்தனை சிவப்பு, இத்தனை வெள்ளை என்று எண்ணித்தானே பூ வைக்கிறீர்கள்? ஆரம்பக் கொம்பியூட்டர்களில் படம் சேமித்த 'பீசிஎக்ஸ்' முறையின் கணக்கும் அதுவே. அமெரிக்காவின் இசட்சொஃப்ட் நிறுவனம் 1980களில் தனது படம் வரையும் மென்பொருளுக்காக அதை உருவாக்கியது. ஒரே நிறப் புள்ளிகள் 50 தொடர்ந்து வந்தால், நிறத்தையும் எண்ணிக்கையையும் மட்டும் குறித்துக்கொள்ளும். புள்ளிக்குப் புள்ளி நிறம் மாறும் புகைப்படங்களில் அதனால் பயன் குறைவு. 1992இல் ஜேபெக், 1996இல் பிஎன்ஜி வந்தபின் பீசிஎக்ஸ் வழக்கொழிந்தது.

வாப்பாவின் படம் அம்முறையில் பழைய பிளொப்பியில் கிடந்தால் வீசிவிடாதீர்கள். வாவிக்கரை ஈரத்தில் பூஞ்சணம் பிடிக்குமுன் கொம்பியூட்டருக்கு மாற்றுங்கள். போஸ்னியாவில் பிறந்த இர்பான் ஸ்கில்ஜானின் 'இர்பான்வியூ' மென்பொருள் அதைத் திறக்கும். வீட்டுப் பாவனைக்கு இலவசம். பிஎன்ஜியாக மாற்றி இரண்டு இடங்களில் வையுங்கள். மூத்தோரின் முகம் பேரப்பிள்ளைகளுக்குச் சேரவேண்டிய அமானிதம்!