கெல்லி மாளிகையும் பேய் வழக்கும்

பாழ்பட்ட மனையில் பேய் குடிகொள்ளும் என்னும் நம்பிக்கை தமிழ்நாட்டுச் சிற்றூர் எதனிலும் காணக்கூடியதே. யாம் பிறந்து வளர்ந்த தாமல், காஞ்சிக்கு மேற்கே, வேலூர் செல்லும் நெடுஞ்சாலையை ஒட்டிப் பேரேரி ஒன்றின் அருகே அமைந்த ஊர். அவ்வூரிலும் எம் இளமையில் அத்தகைய வீடொன்று எமக்குக் காட்டப்பட்டது. அந்தி சாய்ந்தபின் அதன் திண்ணையில் எவரும் அமரார். வளர்ந்தபின் வினவியதில், அவ்வீட்டார் பங்காளி வழக்கொன்றில் மனமுடைந்து ஊரை விட்டகன்றனர் என்பதொன்றே தெரியவந்தது. பேயைக் கண்டார் ஒருவரும் அகப்பட்டிலர். மறந்துபோன செய்தியின் இடத்தில்தான் பேய் வந்து குடியேறுகிறது போலும் என்று அன்று எமக்குத் தோன்றிற்று. அவ்வெண்ணத்தை ஆய்ந்து பார்க்கும் வாய்ப்பு, மலேசிய நாட்டுப் பேரா மாநிலத்தில் உள்ள கெல்லி மாளிகையைக் காணச் சென்றபோது நேர்ந்தது.

ஈப்போ நகரிலிருந்து பத்து காஜாவுக்கும் கோப்பேங்குக்கும் இடைப்பட்ட சாலை வழியே சென்றால், ராயா ஆற்றின் கரையில் சிறு மேட்டின்மீது அம்மாளிகை திடீரெனத் தோன்றும். முதலிற் கண்ணிற் படுவது ஆறு நிலைக் கோபுரம். அதனைத் தொடர்ந்து குதிரைக் குளம்பு போல வளைந்த வளைவுகளின் வரிசை. அவற்றின் பின்னே நீண்ட நடைகள். ஸ்காத்துலாந்துக் கோட்டையும், மூரியர் மாடமும், இந்தியக் கட்டடமும் ஒருங்கே கலந்த அமைப்பு அது. கலந்தது என்பதினும், ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்பட்டது என்பதே பொருந்தும். சாந்து உதிர்ந்த இடங்களிற் செங்கல் வெளித் தெரிகின்றது. கட்டி முடித்தபின் இடிந்த மனை அன்று. முடியாமலே நின்றுவிட்ட மனை. பாழ்மனைக்கும் இதற்கும் உள்ள இவ்வேறுபாடு பெரிது. வாழ்ந்து கெட்ட வீட்டில் வாழ்ந்தவர் நினைவேனும் இருக்கும். இங்கே எவரும் வாழவே இல்லை.

இதனை எடுப்பித்தவர் வில்லியம் கெல்லி ஸ்மித் என்பார். 1870இல் ஸ்காத்துலாந்தின் கெல்லாசு என்னும் சிற்றூரிற் பிறந்தவர். இருபதாம் அகவையில், 1890இல், மலாயாவுக்கு வந்தார். ஆல்மா பேக்கர் என்னும் நில அளவையாளரோடு சேர்ந்து பேராக் காடுகளைத் திருத்தும் ஒப்பந்தப் பணியிற் பொருளீட்டினார். அப்பொருளைக் கொண்டு கிந்தா வட்டத்தில் ஏறத்தாழ ஆயிரம் ஏக்கர் காடு வாங்கி ரப்பர் பயிரிட்டார். ஈயம் எடுக்கும் தொழிலிலும் ஈடுபட்டார். தோட்டத்துக்குத் தம் ஊர்ப்பெயரையே இணைத்துக் கிந்தா கெல்லாசு என்று பெயரிட்டார். பிறந்த மண்ணை மறவாத இவ்வியல்பு தமிழர்க்கும் உரியதே. கடல் கடந்து சென்ற நம்மவரும் தாம் விட்டுவந்த ஊர்த் தெய்வத்தைத் தோட்டந்தோறும் கொண்டு சென்று நிறுவினர்.

தமக்கென முன்னரே ஒரு வீடு கட்டியிருந்த ஸ்மித், 1915இல் மகன் பிறந்ததும் பெருமாளிகை ஒன்று எழுப்பத் திட்டமிட்டார். வீட்டினுள் பந்தாட்டக் களம், மேல்தளத்தில் விருந்து முற்றம், கோபுரத்தின் உள்ளே மின்தூக்கி என அவர் எண்ணங்கள் விரிந்தன. மலாயாவில் மின்தூக்கி அமையும் முதல் மனை இதுவாகும் என்றும் கூறுவர். செங்கல்லும் பளிங்கும் இந்தியாவிலிருந்தே வருவிக்கப்பட்டன. கட்டுவதற்குரிய கைவினைஞர் எழுபதின்மரும் சென்னையிலிருந்து அழைத்துவரப்பட்டனர் என்பது யாண்டும் வழங்கும் செய்தி.

1926இல் ஸ்மித் போர்த்துக்கல் நாட்டு லிசுபன் நகருக்குச் சென்றார். மின்தூக்கி வாங்கவே சென்றார் என்பர். ஆங்கு நுரையீரற் காய்ச்சல் கண்டு ஐம்பத்தாறாம் அகவையில் இறந்தார். அவர் மனைவியார் தாய்நாடு திரும்பினார். பணி நின்றது. தோட்டமும் மாளிகையும் ஹாரிசன்சு கிராசுபீல்டு என்னும் ஆங்கில நிறுவனத்துக்கு விற்கப்பட்டன. காடு மீண்டும் மாளிகையைச் சூழ்ந்தது. நெடுங்காலம் கழித்தே அது சுற்றுலாவினர் கட்டணம் செலுத்திக் காணும் இடமாயிற்று. 1999இல் வெளிவந்த ஆங்கிலத் திரைப்படம் ஒன்றிலும் இடம்பெற்றுப் புகழடைந்தது.

இனிப் பேயைப் பற்றிய செய்திகளுக்கு வருவோம். மாளிகையைக் காட்டுவோரும் காண வருவோரும் சொல்வன பெரும்பாலும் இரண்டு. மேல்நிலை நடையில் இரவுதோறும் ஸ்மித்தின் ஆவி உலாவுகின்றது என்பது ஒன்று. அவர் மகளின் அறையிற் சுருள்முடியும் வெள்ளுடையும் உடைய சிறுமி தோன்றுகின்றாள் என்பது மற்றொன்று. யாம் சென்றது நண்பகல். நடையில் யாம் கண்டன வௌவாலும், சுவரில் தம் பெயரைக் கீறிச் சென்றோர் கைவண்ணமுமே. மின்தூக்கிக்கென விடப்பட்ட வெற்றுக் கூண்டின் அடியில் நின்று மேலே நோக்கியபோது மட்டும் உள்ளம் ஒருகணம் துணுக்குற்றது. அஞ்சத்தக்கது அங்கே ஒன்றும் இல்லை. ஏறிச் செல்லுதற்கென அமைத்த ஒன்று, ஏறுவாரின்றி நூறாண்டாக வானத்தை நோக்கி நிற்கும் காட்சி அது.

இவ்விரு கதைகளும் தமிழர்தம் பேய் வழக்குக்குப் பொருந்துமா என்பதே எம் வினா. தமிழ் வழக்கிற் பேயாதற்கு ஒரு முறை உண்டு. காலமல்லாக் காலத்து மாண்டோர், வஞ்சத்தால் உயிரிழந்தோர், ஈமக்கடன் பெறாதோர் ஆகியோரே பேயாவர். அவர் தாம் மாண்ட இடத்தையோ தமக்குத் தீங்கிழைத்தாரையோ பற்றி நிற்பர். தாமலுக்கு வடகிழக்கே, ஒரு நாள் நடைத் தொலைவில் உள்ள பழையனூரின் நீலி கதை இதற்குத் தக்க சான்று. கணவனால் வஞ்சித்துக் கொல்லப்பட்டவள் மறுபிறவியிற் பழி தீர்க்க வணிகனைத் தொடர்ந்தாள். ஊர் வேளாளர் எழுபதின்மர் அவன் உயிர்க்குத் தம் உயிரைப் பிணையாக வைத்து, அவனை அவளோடு ஒரு மனையிற் புகுத்தினர். விடியலில் அவன் மாண்டு கிடந்தான். எழுபதின்மரும் சொல் தவறாது தீப்பாய்ந்தனர். திருஞானசம்பந்தர் தம் திருவாலங்காட்டுப் பதிகத்திலேயே இந்நிகழ்ச்சியைக் குறித்திருத்தலால் இக்கதையின் பழமை விளங்கும். தமிழில் நாம் அறிந்த பேய்மனைகளுள் பழையனூர் மனையே மிகப் பழையது எனலாம். அங்கே பேய்க்குக் காரணம் உண்டு, வழக்கு உண்டு, சான்றினரும் உண்டு. (இரண்டிடத்தும் எழுபது என்னும் எண் அமைந்தது தற்செயலே. அதன்மேல் எவரும் கோட்பாடு எழுப்பற்க.)

அயல்நாட்டாரும் இம்முறைக்கு விலக்கல்லர். 1809இல் திருவிதாங்கூர் எல்லைப் போரிற் புண்பட்டு மாண்ட போல் என்னும் ஆங்கிலப் படைத்தலைவரின் ஆவிக்குத் திருநெல்வேலிச் சீமையில் மக்கள் சாராயமும் சுருட்டும் படைத்து வழிபட்டனர் என்பது கால்டுவெல் வழி அறியப்படும் செய்தி. உயிரோடிருந்த காலத்தில் அவர் விரும்பியவை எவையோ அவையே படையலாயின. அஞ்சி ஓடுதல் அன்று தமிழர் முறை. பசியாற்றி அமைதிப்படுத்துதலே முறை.

இம்முறையால் நோக்கின், ஸ்மித் மாண்டது லிசுபனில்; மாளிகையில் அன்று. அவர் மகளும் அம்மனையில் மாண்டவர் அல்லர். தமிழ் வழக்கின்படி இவ்விருவரும் அங்கே பேயாய் உலவுதற்கு உரிமை உடையர் அல்லர். அவ்வுரிமை உடையார் வேறு சிலர் உண்டு.

1918இல் உலகெங்கும் பரவிய நச்சுக்காய்ச்சல் இந்தியாவில் மட்டும் ஒரு கோடிக்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்டது. மலாயாத் தோட்டங்களின் லயங்களில், ஒரே கூரையின்கீழ் நெருங்கி வாழ்ந்த தமிழ்த் தொழிலாளரிடை அது தீயெனப் பரவிற்று. மாளிகைப் பணியில் இருந்தாரும் பலர் மாண்டனர். எஞ்சியோர் துரையிடம் சென்று, தமக்கொரு கோயில் வேண்டும் என்றனர். ஸ்மித் இசைந்தார். அங்ஙனம் எழுந்ததே மாளிகைக்கு ஏறத்தாழ ஒன்றரைக் கிலோமீட்டர் தொலைவில் உள்ள மாரியம்மன் கோயில்.

அவர்கள் வேறு தெய்வத்தை நாடாது மாரியை நாடியது ஏன் என்பதை வழிகாட்டி நூல்கள் விளக்குவதில்லை. அம்மை நோயைத் தருபவளும் தணிப்பவளும் மாரியே என்பது நம் ஊரார் கொள்கை. காஞ்சி வட்டாரத்தில் ஆடித் திங்களிற் கூழ் வார்ப்பதும், வேப்பிலை கட்டுவதும், ஊரெல்லையைக் காக்க வேண்டுவதும் கொள்ளைநோய்க் காலத்தின் எச்சங்களே. மருத்துவம் எட்டாத இடத்தில், மொழி அறியா நாட்டில், தம்மவர் நாள்தோறும் மாளக் கண்டவர்கள் தாம் அறிந்த மருந்தைக் கேட்டனர். இதனை மூடநம்பிக்கை என ஒதுக்குவார் உளர். அவ்வாண்டில் அந்நோய்க்கு மருந்து மேனாட்டு மருத்துவரிடமும் இல்லை என்பதை அவர் நினைக்கக் கடவர்.

கோயிலின் மேற்றளத்தில், தெய்வ உருவங்களின் வரிசையில், வெள்ளாடையும் வெயிற் தொப்பியும் அணிந்த சுதையுருவம் ஒன்று நிற்கின்றது. அது ஸ்மித்தே என்பர். காண்பார் இதனை வியந்து நகைக்கின்றனர். தமிழ்க் கோயில் மரபறிந்தார்க்கு இதில் வியப்பில்லை. மதுரைப் புதுமண்டபத் தூண்களில் நாயக்க மன்னர் நிற்கின்றனர். செங்கற்பட்டுச் சீமையின் ஆட்சித் தலைவராய் 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் இருந்த லயனல் பிளேசு, மதுராந்தகம் ஏரி உடையாமற் காத்த இராமனையும் இலக்குவனையும் கண்டு, தாயார் சன்னிதி கட்டுவித்தார் என்னும் வழக்கும், அவர் பெயர் தாங்கிய கல்வெட்டும் அக்கோயிலில் இன்றும் உள. ஏரி காத்த இராமன் கதையில் துரை ஒரு பாத்திரம். கெல்லாசுக் கோயிலில் அவர் ஓர் உருவம். கொடுத்தவனை மறவாமை என்னும் ஒரே பண்பின் இரு வெளிப்பாடுகள் இவை.

ஆனால் ஒன்று குறிக்கத்தக்கது. கொடுத்த துரைக்குச் சுதையுருவம் உண்டு. மாண்ட தொழிலாளர்க்கு யாம் கண்டவரை அங்கே கல்லும் இல்லை, பெயரும் இல்லை. போரில் வீழ்ந்தானுக்குப் பெயரும் பீடும் பொறித்து நடுகல் நாட்டிய மரபினர் நாம். பழையனூர் எழுபதின்மர்க்கும் நினைவு மண்டபம் உண்டு. கெல்லாசின் எழுபதின்மருள் ஒருவர் பெயரையும் யாம் கண்ட அறிவிப்புப் பலகைகளில் ஒன்றும் கூறவில்லை. அந்த வளைவுகளைச் சாரத்தின்மேல் நின்று ஒன்றொன்றாக வளைத்தவர், சாவிக்கல்லை இருத்தியவர், சுண்ணம் அரைத்தவர் அனைவரும் 'சென்னைத் தொழிலாளர்' என்னும் ஒரே சொல்லில் அடங்கிவிட்டனர்.

பேய்க்கதையிலும் அவர்க்கு இடமில்லை என்பதே எம்மைப் பெரிதும் வருத்தியது. கதை சொல்வோர்க்குத் தெரிந்த பெயர்கள் ஸ்மித் குடும்பத்தார் பெயர்களே. ஆகலின் ஆவிகளும் அவர்களாகவே அமைந்தன. மாளிகையிலிருந்து கோயிலுக்கு நிலத்தடி வழி ஒன்று உண்டு என்னும் செய்தி மக்களாற் பெரிதும் விரும்பிப் பேசப்படுகின்றது. துரை அவ்வழியே சென்று வழிபட்டார் என்று கூட ஒருவர் எமக்குக் கூறினார். அவ்வழியின் உண்மையை யாம் ஆராயப் புகவில்லை. துரையையும் தொழிலாளரையும் மண்ணுக்கடியிலேனும் இணைத்துப் பார்க்கும் விழைவு அக்கதையில் உள்ளது என்பது மட்டும் தெளிவு.

எம் கொள்ளுப்பாட்டனாரின் தம்பி ஒருவர் முதல் உலகப் போருக்குச் சற்று முன் தாமலை விட்டுக் கங்காணி ஒருவருடன் மலாயாவுக்குக் கப்பலேறினார். கொத்து வேலை அறிந்தவர். இரண்டு கடிதங்கள் வந்தன என்றும், பின்னர் ஒன்றும் வரவில்லை என்றும் எம் பாட்டியார் கூறுவார். அவர் பேராவுக்குச் சென்றாரா, ஜொகூருக்குச் சென்றாரா என்பது எவர்க்கும் தெரியாது. அவர் கெல்லாசில் வேலை செய்தார் என்று யாம் கூறத் துணியோம். எனினும் அம்மாளிகையின் வளைவொன்றைத் தொட்டபோது அவர் நினைவு வந்ததை மறைத்தல் ஆய்வுக்கும் அழகன்று.

நாகப்பட்டினத்திலும் சென்னையிலும் கப்பலேறியோர், பினாங்கை அடுத்த ஜெரெஜா தீவில் நோய்த்தடுப்புக் காவலில் வைக்கப்பட்ட பின்னரே தோட்டங்களுக்கு அனுப்பப்பட்டனர். ஏறும் இடத்திலும் இறங்கும் இடத்திலும் பெயரும் தந்தை பெயரும் ஊரும் எழுதப்படுவது வழக்கம். அப்பதிவுகளுள் எஞ்சியவற்றைச் செங்கற்பட்டு, வட ஆர்க்காடு ஆகிய பழைய மாவட்டங்களின் ஊர்ப்பெயர்களோடு ஒப்பிட்டுப் பார்க்கும் பணியை எம் மாணவர் இருவர் தொடங்கியுள்ளனர். இவ்வட்டாரத்து அன்பர் எவரேனும் தம் வீட்டுப் பரணிலோ பழம்பெட்டியிலோ மலாயா அஞ்சல் தலை ஒட்டிய கடிதமோ பணவிடைத்தாளோ வைத்திருப்பின், அதன் படியொன்றை எம் துறைக்கு அனுப்பி உதவ வேண்டுகின்றோம். எழுத்து மங்கியிருப்பினும், உறை மட்டுமே எஞ்சியிருப்பினும் குற்றமில்லை. முத்திரையில் உள்ள ஊர்ப்பெயரும் நாளும் எமக்குப் போதும்.