படுவான்கரை வயலுக்கு எந்தத் துவக்கு?

செய்தி சேகரிக்கப் படுவான்கரைக்குப் போகும்போது, வெளிநாட்டு வேட்டைக் காணொளிகளைப் பார்த்த இளம் விவசாயிகள் என்னிடம் கேட்பதுண்டு: "400 மீற்றரில் மானை விழுத்துறாங்க. அப்படியொரு துவக்கு இருந்தா நமக்குப் பன்றித் தொல்லை இருக்காதுதானே?"

அவர்கள் பார்ப்பது போல்ட் அக்சன் ரைபிள். பூட்டின் கைபிடியைக் கையால் இழுத்துத் தள்ளி ஒவ்வொரு ரவையாக ஏற்ற வேண்டும். குழலின் உட்புறச் சுருள்வரிகள் ரவையைச் சுழலவிடுவதால் அது நேராகப் பறக்கிறது. வட அமெரிக்க வேட்டைக்காரர் பலர் பயன்படுத்தும் .30-06 ரவை, 1906இல் அமெரிக்க இராணுவம் ஏற்றுக்கொண்டது. வேகம் செக்கனுக்கு 800 மீற்றருக்கு மேல். ஆனாலும் 100 மீற்றருக்குக் குறி சரிசெய்த ரைபிளில், 400 மீற்றரில் ரவை ஏறக்குறைய 1 மீற்றர் கீழே இறங்கிவிடும். தூரத்தையும் காற்றையும் கணிக்காமல் சுட்டால் குறி தவறும்.

இங்கு பயிர்ப் பாதுகாப்புக்கு வழமையாக அனுமதி கிடைப்பது 12 போர் துவக்கு. ஒரு இறாத்தல் ஈயத்தை 12 சம உருண்டைகளாக்கினால், ஓர் உருண்டையின் விட்டமே அதன் குழல் அளவு, சுமார் 18.5 மில்லிமீற்றர். சன்னங்கள் சிதறிப் பாய்வதால் பன்றிக்கு 40 மீற்றருக்குள்தான் பயன்படும்.

அது குறையல்ல. பன்றி இரவில் வரும். டோர்ச் வெளிச்சத்தில் தெரிவதும் அவ்வளவு தூரமே. சமதரை வயலில் தவறிய ரைபிள் ரவையைத் தடுக்க மேடு இல்லை. அது 3 கிலோமீற்றருக்கு அப்பாலும் போகக்கூடும். அடுத்த வாடியில் காவலிருப்பவரும் வாவியில் வலை வீசுபவரும் அந்தத் தூரத்துக்குள்தான் இருப்பார்கள். சன்னங்களோ சில நூறு மீற்றரில் வலுவிழந்துவிடும்.

யானைக்கு எந்தத் துவக்கும் தீர்வல்ல. அதைச் சுடுவது சட்டப்படி குற்றம். காயப்பட்ட யானை இன்னும் ஆபத்தானது.

துவக்கு வைத்திருக்க 1916ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சுடுகலன்கள் கட்டளைச் சட்டத்தின்படி அனுமதிப்பத்திரம் வேண்டும்; ஆண்டுதோறும் புதுப்பிக்கவும் வேண்டும். போரைக் கண்ட நம்மவர் சிலர், விசாரணைக்குப் பயந்து விண்ணப்பிக்கவே இல்லை என்று என்னிடம் சொன்னார்கள். அந்த இடைவெளியில்தான் கட்டுத்துவக்கு நுழைகிறது. கம்பியில் தட்டுவது பன்றியா, மாடா, விறகுக்குப் போன பெண்ணா என்று அதற்குத் தெரியாது.

ஆகவே விவசாய அமைப்புகள் கேட்க வேண்டியது தூரம் பாயும் ரைபிள் அல்ல. 12 போர் துவக்குக்கான அனுமதி, அச்சமும் அலைச்சலும் இன்றி, விதைப்புக்கு முன்பே கிடைக்க வேண்டும் என்பதையே.