குளக்கட்டிலிருந்து புறப்படும் படம்

ஒரு மார்கழிக் காலை இரணைமடுக் குளக்கட்டில் நின்றேன். இரவு முழுக்க மழை. கனகராயன் ஆற்றால் வந்த கலங்கல் வெள்ளம் குளத்துக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. நீர்மட்டம் பார்க்க வந்த தம்பி ஒருவர் அளவுகோலைப் போனில் படம் பிடித்து, வேலைக் குழுவில் போட்டார். அதன் கீழே "34 அடி 8 அங்குலம்" என்று தட்டினார். படத்தின் நடுவில் வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. பிந்தி எழுதிய வரிக்கோ ஒரு டிக் விழுந்தது, அடுத்த கணம் இரண்டாவதும் விழுந்தது. கிளிநொச்சி நகரில் யாரோ அதை வாசித்துப் பதிலும் போட்டுவிட்டார். முதலில் அனுப்பிய படம் இன்னும் கட்டை விட்டே இறங்கவில்லை.

இன்று வன்னியில் பாதி வேலை இப்படித்தான் நடக்கிறது. கமநல சேவை நிலையம், பிரதேச செயலகம், பாடசாலை என்று எங்கு போனாலும் ஒரு வட்ஸ்அப் குழு அல்லது வைபர் குழு இருக்கும். ஆனால் பின்னால் போனது எப்படி முந்தியது?

எழுத்து எவ்வளவு சின்னது என்பதிலிருந்து தொடங்கலாம். "இரணைமடு" என்ற சொல்லைக் கணினி ஏழு துண்டுகளாகப் பார்க்கிறது: இ, ர, ண, ஐகாரக் குறி, ம, ட, உகரக் குறி. இணையத்தில் வழங்கும் யூனிகோட் முறையில் தமிழின் ஒவ்வொரு துண்டுக்கும் 3 பைட் வேண்டும். ஆக 21 பைட். இதே பெயரை ஆங்கில எழுத்தில் எழுதினால் 9 பைட்டுடன் முடிந்துவிடும். பழைய எஸ்எம்எஸ் காலத்தில் இந்த வித்தியாசம் காசாகவே கணக்கில் விழுந்தது. ஒரு செய்திக்குள் ஆங்கில எழுத்து 160 போகும், தமிழில் 70 துண்டுதான். இருந்தாலும், நூறு துண்டு கொண்ட தமிழ் வரிகூட 300 பைட்டைத் தாண்டாது.

இப்போது படத்தைப் பாருங்கள். 12 மெகாபிக்சல் கமரா எடுக்கும் படத்தில் 1 கோடியே 20 லட்சம் புள்ளிகள். ஒவ்வொரு புள்ளிக்கும் சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று எண்கள். மொத்தம் 3 கோடியே 60 லட்சம் பைட். நூறு துண்டு வரிகள் ஒரு லட்சத்து இருபதாயிரம் எழுதினால்தான் அந்த அளவு வரும். இதை அப்படியே அனுப்பப் போனால் குளக்கட்டுச் சிக்னலுக்கு அரை நாளும் போதாமல் போகலாம். அதனால் படம் புறப்படுவதற்கு முன்பே அதைச் சுருக்க வேண்டும். எனக்கு ஆறாத வியப்பு இந்தச் சுருக்கலில்தான் இருக்கிறது.

இதன் வேர் பெங்களூரில் பிறந்த நசீர் அஹமட் என்பவரிடம் போகிறது. அமெரிக்காவில் கான்சாஸ் மாநிலப் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய அவர், 1972இல் இந்தச் சுருக்கலுக்கான யோசனையை எழுதி அந்நாட்டுத் தேசிய அறிவியல் நிறுவனத்திடம் ஆய்வு நிதி கேட்டார். கிடைக்கவில்லை. யோசனை மிகவும் எளிதாக இருக்கிறது என்று மதிப்பிட்டவர்களில் ஒருவர் கருதியதை அவரே பிற்காலத்தில் நினைவுகூர்ந்திருக்கிறார். அவர் விடவில்லை. மாணவர் டி. நடராஜன், நண்பர் கே. ஆர். ராவ் ஆகியோருடன் சேர்ந்து 1974இல் சில பக்கங்களில் ஒரு கட்டுரை வெளியிட்டார். 1992இல் வந்த ஜேபெக் என்ற படச் சுருக்கல் தரம் அதன் மேல் கட்டப்பட்டது. நாம் அனுப்பும் படங்களில் பெரும்பாலானவை இன்றும் அந்த மூவரின் கணக்கு வழியாகத்தான் போகின்றன.

அந்தக் கணக்கு என்ன செய்கிறது? கட்டில் நின்று குளத்தைப் பார்த்தால் இரண்டு விதமான அசைவு தெரியும். ஒன்று, முழுத் தண்ணீரும் மெதுவாக ஏறி இறங்கும் பெரிய அலை. மற்றது, அதன் முதுகில் காற்றுக் கீறிவிடும் சின்னச் சின்னச் சிலிர்ப்பு. படத்தையும் அப்படிப் பிரிக்கலாம். முதலில் அதை நீளம் 8, அகலம் 8 புள்ளி கொண்ட சின்னச் சதுரங்களாக வெட்டுகிறார்கள். சதுரத்தின் 64 புள்ளிகளுக்கும் தனித்தனியாக வெளிச்சத்தைக் குறிக்காமல், பெரிய அலையிலிருந்து நுண்ணிய சிலிர்ப்பு வரை 64 வகை அலைகளில் எது எவ்வளவு இருக்கிறது என்று குறிக்கிறார்கள். வானத்தில் விழுந்த சதுரத்துக்கு முதல் ஓரிரண்டு அலைகளே போதும், மற்றதெல்லாம் ஏறக்குறையச் சுழியம். அவற்றைத் தள்ளிவிடலாம். கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது. நிறத்தில் இன்னும் துணிந்து கை வைக்கிறார்கள். வெளிச்ச வேறுபாட்டைப் பிடிக்கும் அளவுக்கு நம் கண் நிற வேறுபாட்டைப் பிடிப்பதில்லை என்பதால், பெரும்பாலும் நான்கு புள்ளிகளுக்கு ஒரே நிறத்தைப் பங்கிட்டுவிடுகிறார்கள்.

தள்ளப்படுவது எது என்பதுதான் வேலை செய்பவருக்கு முக்கியம். பெரிய அலை பிழைக்கும், சிலிர்ப்பு போய்விடும். குளத்து வானம் அழகாக வந்து சேரும். அளவுகோலில் அங்குலம் காட்டும் மெல்லிய கோடுகளோ சிலிர்ப்பு இனம். நெல் இலையில் இருக்கும் புள்ளியின் விளிம்பும் அப்படியே. அந்த விளிம்பைப் பார்த்துத்தான் விவசாயப் போதனாசிரியர் நோயைச் சொல்வார். இதற்கு முன்பே செயலி படத்தின் நீளப் பக்கத்தை 4,000 புள்ளியிலிருந்து சுமார் 1,600க்கு இறக்கியிருக்கும். புள்ளிகளில் ஆறில் ஒரு பங்குகூட மிஞ்சுவதில்லை. யாரும் தவறு செய்யவில்லை. இந்தச் சுருக்கல் கண்ணை மகிழ்விக்க உருவானது, அளப்பதற்காக அல்ல. இரணைமடுவின் முழு மட்டம் 36 அடி. 2018 டிசம்பரில் வான்கதவுகள் திறக்கப்பட்டு, கிளிநொச்சி, முல்லைத்தீவு மாவட்டங்கள் வெள்ளத்தில் கிடந்ததைக் கண்டவர்களுக்கு ஒரு அங்குலத்தின் பெறுமதி தெரியும்.

சுருக்கிய படம் 200 கிலோபைட் என்று வைத்துக்கொள்வோம். இணையத்தில் எதுவும் முழுதாகப் போவதில்லை. சுமார் 1,400 பைட் கொண்ட பொதிகளாகப் பிரிந்து போகும். படத்துக்கு 140க்கு மேற்பட்ட பொதிகள், தம்பி தட்டிய வரிக்கு ஒரே ஒரு பொதி. மழைக்குள் சிக்னல் விட்டுவிட்டு வரும்போது ஒரு பொதி ஏதாவது ஓர் இடைவெளியில் நழுவிப் போய்விடும். 140 பொதிகளில் ஒன்று தொலைந்தாலும் அதை மறுபடி அனுப்பி முடியும்வரை படம் முழுமையாகாது. அந்த வட்டம் சுற்றியது இதனால்தான். தொலைபேசிக் கோபுரத்தைத் தொட்டுவிட்டால் பிறகு தூரம் பெரிதல்ல. கண்ணாடி இழைக்குள் ஒளி விநாடிக்கு ஏறத்தாழ 2 லட்சம் கிலோமீட்டர் ஓடும், 5,000 கிலோமீட்டரைக் கடக்க விநாடியில் நாற்பதில் ஒரு பங்கு. குளத்திலிருந்து நகருக்குப் போகும் செய்தி கொழும்பைத் தாண்டிக் கடலுக்கு அப்பால் உள்ள சேர்வரைத் தொட்டுத் திரும்புகிறது. அவ்வளவு பயணத்திலும் மிகக் கடினமான துண்டு கட்டிலிருந்து கோபுரம் வரைதான்.

வழியில் யாரெல்லாம் இதைத் திறந்து பார்க்கலாம் என்று யோசிக்கையில், போர்க்காலத்தில் செஞ்சிலுவைச் சங்கம் கொண்டுபோன குடும்பச் செய்திகள் நினைவுக்கு வருகின்றன. ஒட்டாத தாள், குடும்ப விடயம் மட்டும். யாரும் திறந்து வாசிக்கலாம் என்பதால்தான் அது எல்லைகளைக் கடந்தது. இன்றைய வழி நேர்மாறு. வட்ஸ்அப் 2016இலிருந்து செய்திகளைப் பூட்டியே அனுப்புகிறது. படம் போனிலேயே ஒரு பெட்டிக்குள் வைத்துப் பூட்டப்படுகிறது. பெட்டி சேர்வருக்குப் போகிறது. திறப்பும், பெட்டி இருக்கும் இடமும் சின்னச் செய்தியாகக் குழுவினருக்குப் போகின்றன. குழுவில் அறுபது பேர் இருந்தாலும் கட்டிலிருந்து ஏறுவது ஒரே பெட்டி. அதை இன்னொரு குழுவுக்குத் தள்ளிவிட்டால் படம் மேலும் கெடாது. ஸ்கிரீன்ஷொட் எடுத்துப் போட்டால் மறுபடி சுருங்கும்.

இன்னொன்றும் வழியில் கழன்றுவிடுகிறது. போன் படத்தோடு சேர்த்து எழுதிவைக்கும் இடக்குறிப்பை, சாதாரணப் படமாக அனுப்பும்போது செயலி நீக்கிவிடுகிறது. வீட்டுப் படங்களுக்கு அது நல்ல பாதுகாப்பு. ஆனால் காணி துப்புரவாக்கும்போது சந்தேகத்துக்கிடமான இரும்பொன்றைத் தள்ளி நின்று கண்டு, படம் மட்டும் அனுப்பினால் அது எங்கே கிடக்கிறது என்று பெறுபவருக்குத் தெரியாது. கண்ணிவெடி புதைந்த முகமாலை போன்ற இடங்களை அறிந்த ஊரில் இதை நான் சின்ன விடயமாக நினைக்கவில்லை. இடத்தையும் தனியாக அனுப்ப வேண்டும். படத்தை டொக்கியூமென்ட்டாகப் போட்டால் புள்ளியும் குறையாது, இடக்குறிப்பும் கழலாது. டேட்டாதான் கூடப் போகும்.

கட்டில் அந்த வட்டம் ஒருவழியாக நின்றது. சற்று நேரத்தில் நகரிலிருந்து குரல் பதிவொன்று வந்தது.

"தம்பி, கோடு கலங்கிக் கிடக்கு. டொக்கியூமென்ட்டாப் போடுங்கோ."

"ஓம் சேர்" என்று எழுதிவிட்டு, தம்பி போனைத் தலைக்கு மேல் பிடித்தபடி சிக்னல் தேடிக் கட்டின் வழியே நடக்கத் தொடங்கினார்.