நல்லவர் ஆவி நம்மோடு வந்து சேருமா?

"அவன் உடம்பில் பேய் புகுந்து விட்டது" என்று சொல்லக் கேட்டு இருப்பீர்கள். "அவன் உடம்பில் ஒரு மகான் புகுந்து இருக்கிறார்" என்று யாராவது சொல்லிக் கேட்டது உண்டா?

யூத ஞானிகள் அப்படிச் சொன்னார்கள்!

இரண்டு வகை ஆவி

கெட்ட ஆவி ஒருவனைப் பிடித்து ஆட்டினால், அதற்கு "டிபுக்" என்று பெயர். அதை விரட்ட வேண்டும்.

நல்லவரின் ஆத்மா வந்து சேர்ந்தால், அதற்கு "இப்பூர்" என்று பெயர். "கருத்தரித்தல்" என்பது அதன் பொருள். தாய் வயிற்றில் குழந்தை தங்குவது போல, அந்த ஆத்மா கொஞ்ச காலம் தங்கி இருக்கும். பிறகு போய்விடும். அது வந்ததே அந்த மனிதனுக்குத் தெரியாமலும் இருக்கலாம்.

எதற்காக வருகிறது? ஒருவன் நல்ல காரியத்தில் இறங்கி, முடிக்க முடியாமல் திணறுவான். அவனுக்குத் துணை செய்ய வரும். அல்லது, தான் உயிரோடு இருந்தபோது செய்யாமல் விட்ட ஒரு கடமையை அவன் மூலம் செய்து முடிக்க வரும். யூத சமயக் கட்டளைகள் மொத்தம் 613. எல்லாவற்றையும் ஒரே பிறவியில் முடிப்பது எளிதா?

இதை விரிவாகச் சொன்னவர், ஐசக் லூரியா (1534-1572). இன்று இஸ்ரேலில் உள்ள சபேத் என்ற மலை ஊரில் போதித்தார். 38 வயதிலேயே இறந்து விட்டார். அவர் சொன்னதை எழுதி வைத்தவர், அவருடைய சீடர் ஹயிம் வீட்டால். இதை எல்லா யூதர்களும் நம்புவது இல்லை.

தர்மபுரியில்...

நம் தர்மபுரிப் பக்கம் வாருங்கள். ஊர்க்காரர்கள் "வேடியப்பன்" என்று கும்பிடும் சாமியைப் பாருங்கள். பல இடங்களில் அது ஒரு நடுகல்! கையில் வில்லும் வாளும் ஏந்திய வீரன். மாடுகளைக் கவர்ந்து சென்றவர்களோடு போராடி, ஊருக்காக உயிர் விட்டவன். அவனுக்குப் பொங்கல் வைக்கிறார்கள். "எங்களைக் காப்பாற்று" என்று வேண்டுகிறார்கள்.

அங்கே ஆத்மா மனிதனிடம் வருகிறது. இங்கே வீரன் கல்லில் நின்று காக்கிறான். வழி வேறு. "நல்லவன் செத்தும் நம்மைக் கைவிட மாட்டான்" என்ற ஆசை ஒன்றுதான்.

அவ்வையார் கேட்ட கேள்வி

தர்மபுரியின் பழைய பெயர் தகடூர். அதை ஆண்டவன் அதியமான் நெடுமான் அஞ்சி. அவ்வையாருக்கு அரிய நெல்லிக்கனி தந்தவன். அவன் மாண்டதும் கல் நட்டார்கள். மயில் பீலி சூட்டினார்கள். சின்னக் கலத்தில் கள் ஊற்றினார்கள்.

அவ்வையார் நெஞ்சு உடைந்தார். "மலையோடு நாட்டையே கொடுத்தாலும் வாங்காதவன், இந்தச் சிறு கலத்துக் கள்ளையா வாங்கிக்கொள்வான்?" என்ற பொருளில் பாடினார். புறநானூற்றில் அது 232-வது பாட்டு. நண்பனை இழந்தவருக்குக் கல்லும் படையலும் ஆறுதல் தரவில்லை!

துணை வருமா?

ஆவி வருமா, வராதா? அது அவரவர் நம்பிக்கை. ஆனால் யூத ஞானிகளின் பேச்சில் ஒரு விஷயம் இருக்கிறது. நல்ல ஆத்மா சோம்பேறியைத் தேடி வருவது இல்லை. நல்ல காரியத்தில் இறங்கியவனைத்தான் தேடி வருகிறது.

உங்கள் ஊர் வயலிலோ, ஏரிக்கரையிலோ வீரன் உருவம் உள்ள கல் கிடக்கலாம். அதில் துணி துவைக்காதீர்கள். உடைத்து வீடு கட்டாதீர்கள். நிமிர்த்தி வையுங்கள். தொல்லியல் துறைக்குச் சொல்லுங்கள்.

ஊருக்காகச் செத்தவனுக்கு நாம் துணையாக இருப்போமே!