குயில் தோப்பும் முத்தியால்பேட்டையும்

புதுச்சேரியில் பாரதியாரின் பெயரைத் தாங்கிய பூங்கா ஒன்று உண்டு. பழைய பிரெஞ்சு கவர்னரின் மாளிகைக்கு எதிரில், நடுவில் வெள்ளை மண்டபத்தோடு விளங்கும் அந்தப் பூங்காவைப் பாராமல் அந்நகருக்கு வந்தவர் எவரும் திரும்புவதில்லை. பிரெஞ்சுக்காரரின் கோட்டை நின்ற இடத்தை ஒட்டியது அப்பகுதி. 1761-ம் வருஷத்தில் ஆங்கிலேயர் நகரைப் பிடித்துக் கோட்டையைத் தரைமட்டமாக்கினர். பின்னர் அங்கே சர்க்கார் சதுக்கம் அமைந்தது. மூன்றாம் நெப்போலியன் காலத்தில், முத்திரைப்பாளையத்துத் தண்ணீரை நகருக்குக் கொண்டுவந்ததன் நினைவாக ஆயி மண்டபம் எழுந்தது. நிழலும் புல்தரையும் பெற்று அது நன்றாகவே பேணப்பட்டு வருகிறது. அதைப்பற்றி நமக்குக் குறை ஒன்றுமில்லை.

ஆனால் பாரதியார் நாடிச் சென்ற சோலை அதுவன்று. அவர் நாடிய சோலை நகருக்கு வெளியே, முத்தியால்பேட்டைக்கு அப்பால், கருவடிக்குப்பத்தில் சித்தானந்த சுவாமி கோவிலை அடுத்து இருந்தது. முத்தியால்பேட்டையில் நெசவுத் தொழிலில் செல்வம் படைத்திருந்த கிருஷ்ணசாமி செட்டியாருக்கு உரிய மாந்தோப்பு அது. நண்பர்களுக்கெல்லாம் வேடிக்கைப் பெயர் சூட்டுவதில் விருப்பமுள்ள பாரதியார் இந்தச் செட்டியாருக்கு 'வெல்லச்சு' என்று பெயர் வைத்தார். 1908 முதல் 1918 வரை பத்து வருஷ காலம் அந்நிய எல்லையில் அகதியாக வாழ்ந்த ஒரு கவிஞருக்கு, வேண்டியபோது பணமும், வேண்டாதபோது தனிமையும் கொடுத்த மனிதர்களில் அவர் ஒருவர். பிரிட்டிஷாரின் இரகசியப் போலீசார் நகரத்து வீதிகளில் திரிந்த காலம் அது. வீட்டு வாயிலில் நிற்பவன் நண்பனா, ஒற்றனா என்று தெரியாத நிலையில், ஊருக்கு வெளியே மரநிழலில் உரக்கப் பாடுவதற்கு ஓர் இடம் கிடைத்தது எத்தகைய உதவி என்பதைத் தேசத் தொண்டில் அலைந்தவர்கள் அறிவார்கள்.

'குயில் பாட்டு' அந்தத் தோப்பில் பிறந்தது என்பது புதுவையின் உறுதியான வழக்கு. தோப்பின் சொந்தக்காரர் பெயரைப் பாட்டு சொல்லவில்லை. நகரின் மேற்கே சிறிது தூரத்தில் இருக்கும் பெரிய மாஞ்சோலை என்றும், சுற்றுப்புறத்து வேடர்கள் பறவை சுட வரும் இடம் என்றும் மட்டும் அது குறிக்கிறது. இந்த வர்ணனையை வைத்துத் திசையைப் பற்றி வாதிடும் பண்டிதர்கள் வாதிடட்டும். ஊரார் 'குயில் தோப்பு' என்று இன்று வரையில் அழைத்து வரும் இடம் ஒன்றே. அதைப் போற்றுவதற்கு அதற்கு மேல் அத்தாட்சி நமக்குத் தேவையில்லை.

பாட்டில் வரும் பெருஞ்சோலை இன்று அப்படியே இல்லை. நகரம் வடக்கே வளர்ந்துவிட்டது. கிழக்குக் கடற்கரைச் சாலை வந்தது. சாலையைத் தொடர்ந்து மனைப்பிரிவுகள் வந்தன. ஒரு குழி நிலத்துக்கு வந்திருக்கும் விலையைக் கேட்டால், ஒரு மாமரம் தன் ஆயுள் முழுவதும் காய்த்தாலும் அந்த விலைக்கு ஈடு கொடுக்க முடியாது என்று சிறுவனும் கணக்குச் சொல்வான். இந்தக் கணக்கில்தான் தமிழ்நாட்டுத் தோப்புகள் எல்லாம் தோற்றுப்போகின்றன. ஆகவே தோப்பைக் காப்பது என்ற காரியத்தைச் சந்தை விலையின் கையில் விட்டுவிட்டுப் பிறகு வருந்துவதில் பொருளில்லை.

முத்தியால்பேட்டை என்பது சாமானியமான ஊரன்று. சென்னையிலும் அப்பெயரால் ஒரு பேட்டை உண்டு. துணி வாணிகத்தை நம்பிக் கரையோரத்தில் இறங்கிய ஐரோப்பியக் கம்பெனிகளின் நிழலில் இரண்டும் வளர்ந்தன. புதுவையின் செல்வம் கடலில் விளைந்ததன்று, தறியில் விளைந்தது. நீலம் தோய்த்த புதுவைத் துணி ஆப்பிரிக்காவில் செனகல் வரையில் சென்று விற்றது. அந்தத் துணியை நெய்தவர்களும் தோய்த்தவர்களும் குடியிருந்த பேட்டைகளுக்குப் பிரெஞ்சுக்காரர் கட்டிய பகட்டான மாளிகைகளில் ஒன்றும் வாய்க்கவில்லை. நெசவாளர் வாழும் ஊர்களில் தோப்பு என்பது ஆடம்பரமும் அன்று. பாவு நீட்டிக் கஞ்சி போட நீண்ட வெளியும் காலை நிழலும் வேண்டும். வெயில் ஏறிவிட்டால் இழை வறண்டு அறுந்துபோகும். நிழல் அவர்களுக்குத் தொழிற்கருவி. இப்பொழுது தறியோசை குறைந்து, பேட்டை நெரிசலான வீதிகளாக மாறிய பின்னர், மணிக்கூண்டைச் சுற்றி நிற்கும் ஜனங்களுக்கு மாலையில் குழந்தையை அழைத்துக்கொண்டு போக மரமுள்ள இடம் எங்கே என்று கேட்டால் தெற்கே நகரத்துப் பூங்காவைத்தான் காட்ட வேண்டியிருக்கிறது. கிழக்கே கடற்கரையைக் காட்டலாம் என்றால், துறைமுகத்துக் கற்சுவர்கள் எழுந்த பின் வடபுறத்து மணல் அரித்துப்போய்க் கருங்கல் குவியல்தான் மிச்சம்.

புராதனச் சின்னங்களைக் காப்பதில் புதுச்சேரி பின்தங்கியது என்று நாம் சொல்ல மாட்டோம். வைசியாள் வீதியில் பழைய தமிழ் வீடுகளின் திண்ணையையும் தாழ்வாரத்தையும் மீட்டெடுத்த வேலைக்கு 2008-ல் யுனெஸ்கோவின் ஆசிய பசிபிக் விருது கிடைத்தது. கடற்கரையிலிருந்த பழைய மேரி கட்டிடம் 2014 நவம்பர் மழையில் இடிந்து விழுந்தது; சர்க்கார் அதைப் பழைய வடிவத்திலேயே திரும்பக் கட்டி, 2021-ல் திறந்தார்கள். இவையெல்லாம் பாராட்டத்தக்கவை. ஆயினும் இந்த முயற்சிகள் யாவும் பழைய நகரத்தின் சதுரத்துக்குள்ளேயே சுற்றிச் சுழல்கின்றன. எல்லையைத் தாண்டிப் பேட்டைகளுக்கு வருவதில்லை. மேலும் ஒரு வித்தியாசத்தை அதிகாரிகள் உணர வேண்டும். இடிந்த கட்டிடத்தைப் படம் பார்த்துச் சில வருஷங்களில் எழுப்பிவிடலாம். வெட்டிய தோப்பை எழுப்புவதற்கு ஒரு தலைமுறை வேண்டும். அதற்குள் அந்த நிலத்தில் நான்கு மாடி எழுந்துவிடும்.

நமக்கு மற்றொரு அச்சமும் உண்டு. அதை வெளிப்படையாகவே சொல்லிவிடுகிறோம். குயில் தோப்பின் மேல் சர்க்காரின் கண் படாவிட்டால் அது மனைகளாகிவிடும், பட்டுவிட்டாலோ மண்டபமாகிவிடும். 'அபிவிருத்தி' என்ற சொல்லுக்கு நம் பொதுமராமத்து இலாகாக்களின் அகராதியில் ஒரே பொருள்தான்: சுற்றுச்சுவர், பளிங்குக் கல்வெட்டு, சிமெண்டுத் தளம், வர்ண விளக்கு, தண்ணீர் இல்லாத நீரூற்று. மரத்தின் அடியில் சிமெண்டு பரப்பினால் வேருக்கு நீரும் காற்றும் போகாது. விளக்குகளை இரவெல்லாம் எரித்தால் பறவை தங்காது. குயிலின் பெயரால் அமைந்த இடத்தில் குயில் இல்லாமற் போவதற்கு இதைவிடச் சுருக்கமான வழி வேறில்லை.

குயில் வருவதற்கு என்ன வேண்டும்? அது கூடு கட்டாத பறவை. காக்கையின் கூட்டில் முட்டையிடுவது. ஆகவே காக்கை கூடு கட்டத்தக்க உயரமான மரங்கள் இருக்க வேண்டும். அதன் உணவு பெரும்பாலும் பழம். மாம்பூ உதிர்ந்து மாவடு தொங்கும் காலத்தில் அதற்கு ஆலும் அரசும் அத்தியும் வேம்பும் பழம் கொடுக்க வேண்டும். எனவே மாவை மட்டும் வரிசையாக நட்டால் போதாது. (பாட்டில் காதல் கீதம் பாடுவது பெண்குயில்; இயற்கையில் அந்த இனிய கூவல் கரிய ஆண்குயிலினுடையது. புள்ளி போட்ட பெண்குயில் கீச்சென்று கத்துவதோடு சரி. கவிக்கு அந்த உரிமை உண்டு, தோட்டக்காரனுக்கு இல்லை.)

மாமரத்திலும் இன்ன மரம் என்று தெரிந்து நட வேண்டும். ஒட்டுக்கன்று நான்கைந்து வருஷத்தில் காய்த்துவிடும், ஆனால் தாழக் கிளைத்துக் குட்டையாய் நிற்கும். கொட்டையிலிருந்து எழுந்த மரம் காய்க்கத் தாமதிக்கும். ஓங்கி வளர்ந்து நூறு வருஷம் நிழல் தரும். சோலை வேண்டுமென்றால் பெரும்பகுதி கொட்டை மாவாகவே இருக்க வேண்டும். பழைய மரம் எங்கேனும் உயிரோடு நின்றால், அதன் கொட்டையை ஊன்றினால் அதே குணம் வராது. கிளையிலிருந்து ஒட்டுக் கட்டினால்தான் அந்த இனம் நிற்கும். முப்பதடி, முப்பத்தைந்தடி இடைவெளி விட்டால் ஏக்கருக்கு ஏறக்குறைய 40 மரம் கொள்ளும். எவ்வளவு சிறிய நிலம் மிஞ்சியிருந்தாலும் அதில் ஒரு சோலைக்கு இடமுண்டு என்பதற்காகவே இந்தக் கணக்கைச் சொல்கிறோம்.

தோப்பு நிற்க வேண்டுமானால் அதைச் சுற்றியுள்ள நீர் வழிகளும் நிற்க வேண்டும். கோரிமேட்டுச் செம்மண் மேட்டிலிருந்து இறங்கும் மழைநீர் கிழக்கே கடலை நோக்கிச் செல்லும் வழியில் இந்தப் பகுதிகள் கிடக்கின்றன. வாய்க்கால்களை அடைத்து வீடு கட்டிவிட்டால் நீர் வீதியில் ஓடுகிறது, நிலத்துக்குள் இறங்குவதில்லை, கரையோரக் கிணறுகளில் உப்பு ஏறுகிறது. 2024 நவம்பர் முடிவில் வந்த 'ஃபெஞ்சல்' புயலின்போது புதுச்சேரியில் ஒரே நாளில் 46 சென்டிமீட்டருக்கு மேல் மழை பெய்து, வீடுகளுக்குள் படகு விட வேண்டிய நிலை வந்ததை யாரும் மறந்திருக்க முடியாது. 2011 டிசம்பரில் 'தானே' புயல் அடித்தபோது, 1826-ல் அமைந்த தாவரவியல் பூங்காவிலும் நகர வீதிகளிலும் பெருமரங்கள் அடியோடு சாய்ந்தன. 1916 நவம்பரிலும் இப்படியே ஒரு புயல் புதுவையைத் தாக்கியது. பாரதியார் அந்த இரவைப் பாடியதோடு நிற்காமல், ஏழை ஒருவனுக்குச் சொந்தமான சின்னஞ்சிறு தென்னந்தோப்பு பிழைத்து நின்றதையும் தனிப் பாட்டாகப் பாடினார். அத்தனை அழிவுக்கிடையில் எது பிழைத்தது என்று தேடிப் பார்த்த கண் அது. புயல் இந்தக் கரைக்கு இன்னும் வரும். சாய்ந்த மரத்துக்குப் பதில் மரம் வைப்பதற்குக் கன்றுப் பண்ணை ஒன்று தோப்போடு சேர்ந்து எப்போதும் இருக்க வேண்டும் என்பதை அதிலிருந்து அறிகிறோம்.

மரங்கள் மாறினும் சோலை மாறாமல் நிற்கலாம் என்பதற்கு உதாரணம் தேடி வெகுதூரம் போக வேண்டியதில்லை. கல்கத்தாவை அடுத்த சிவபுரித் தோட்டத்து ஆலமரத்தின் தாய்மரம் நோயுற்று 1925-ல் அகற்றப்பட்டது. விழுதுகளால் அந்த ஆல் இன்றும் பரந்து நிற்கிறது. நமக்கு அருகிலேயே, கிழக்குக் கடற்கரைச் சாலையில் கீழ்ப்புத்துப்பட்டு ஐயனார் கோவிற்காடு இருக்கிறது. அங்கே ஒரு கிளையை ஒடிக்க ஊரார் அஞ்சுவார்கள். சட்டமும் காவலனும் செய்யாததைத் தெய்வ பயம் செய்திருக்கிறது. கவிஞன்மீது நமக்குள்ள பக்தி அந்த அளவுக்காவது வேலை செய்ய வேண்டாமா?

தோப்பு நிலத்தில் தனியாருக்கு உரிமை இருந்தால் என்ன செய்வது என்று கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். பிறருடைய சொத்தைப் பறித்துக் கவிஞனுக்கு மரியாதை செய்ய வேண்டுமென்று நாம் சொல்லவில்லை. பாரதியாரின் நூல்களுக்கு உரிமையும் ஒரு காலத்தில் தனியார் கையில் இருந்தது. 1949-ல் சென்னை சர்க்கார் அதை வாங்கினார்கள். பின்னர் அது நாட்டுக்குப் பொதுவாயிற்று. பாட்டை விலை கொடுத்து வாங்கிப் பொதுவாக்கிய நாடு, பாட்டுப் பிறந்த நிலத்தையும் உரிய விலை கொடுத்து வாங்கலாம். வீடில்லாத ஏழைகள் இருக்க, மரத்துக்கு நிலமா என்று கேட்பவர்களும் உண்டு. அவர்கள் பேட்டையின் குறுகிய வீதிகளில் வைகாசி மாதத்து நண்பகலில் ஒருமுறை நடந்து பார்க்கட்டும். நிழல் யாருக்கு அதிகம் தேவை என்பதை ஏழையின் கூரையே சொல்லிவிடும்.

காரியத்தை யார் செய்வது என்பதுதான் உண்மையான சிக்கல். புதுச்சேரி நகராட்சியும் உழவர்கரை நகராட்சியும் ஒன்றையொன்று தொட்டு நிற்கும் பகுதி இது. ஓர் எல்லையில் மனுக் கொடுத்தால் மறு எல்லையைக் காட்டுவது எளிது. அந்த நகராட்சிகளிலோ ஜனங்களால் தேர்ந்தெடுக்கப்பட்ட சபை இல்லை. 1968-க்குப் பிறகு முப்பத்தெட்டு வருஷம் கழித்து 2006-ல் ஒரு தேர்தல் நடந்தது. அந்தச் சபைகளின் காலம் 2011-ல் முடிந்தது. அதன் பிறகு தேர்தலே இல்லை. வார்டு மெம்பர் என்று ஒருவர் இருந்தால் அவர் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்தேனும் நியாயம் கேட்கலாம். உத்தியோகஸ்தரின் மேஜைக்கு முன் அது முடியுமா? பூங்காவைப் பற்றிய விஷயம் என்று இதைச் சிறிதாக எண்ணும் அரசியல் ஊழியர்களுக்கு ஒன்று சொல்வோம்: தன் வீதியின் மரத்தைப் பற்றித் தீர்ப்புச் சொல்லும் அதிகாரம் இல்லாத ஜனங்களுக்கு, சுயராஜ்யம் இன்னும் வாயிற்படியில்தான் நிற்கிறது.

ஆகவே முதற்காரியமாக, குயில் தோப்பின் எல்லையைப் பழைய நிலப் பதிவுகளைக் கொண்டு அளந்து கல் நாட்ட வேண்டும். அந்த எல்லைக்குள் புதிய கட்டிடம் எதுவும், நினைவு மண்டபமும் உட்பட, எழலாகாது என்று சர்க்கார் விளம்பரம் செய்ய வேண்டும். கோவிலாரும், முத்தியால்பேட்டை கருவடிக்குப்பத்து ஜனங்களும், மரநூல் அறிந்தவர்களும் சேர்ந்த ஒரு சபையின் பொறுப்பில் தோப்பை விட வேண்டும். நீர் வரும் வாய்க்கால்களின் அடைப்பை நீக்க வேண்டும். இவற்றில் பெரும் பணம் கேட்கும் காரியம் நிலத்தை வாங்குவது ஒன்றுதான்.

ஆண்டுதோறும் செப்டம்பர் 11-ந் தேதி பாரதியார் நினைவு நாளில் மந்திரிகளும் பிரமுகர்களும் சிலைக்கு மாலையிடுகிறார்கள். அதற்கடுத்த சில வாரங்களில் ஐப்பசி மழை தொடங்கிவிடும். கன்று நடுவதற்கு அதைவிட ஏற்ற காலம் இல்லை. வரும் நினைவு நாளில் மாலைக்குப் பதிலாக ஆளுக்கொரு கொட்டை மாங்கன்றோடு அவர்கள் குயில் தோப்புக்கு வந்து சேரட்டும். குழிகளை முன்கூட்டியே வெட்டி வைக்கும் வேலையை முத்தியால்பேட்டை வாலிபர்கள் ஏற்றுக்கொள்ளலாம்.