ஆராய்ச்சியை அளக்கும் கோல்

கலிபோர்ணியாப் பல்கலைக்கழகத்துப் பௌதிகப் பேராசிரியர் ஜோர்ஜ் ஹேர்ஷ் என்பார் 2005 ஆம் ஆண்டில் ஓர் எண்ணை வகுத்தார். ஒருவருடைய கட்டுரைகளுள் 20 கட்டுரைகள், ஒவ்வொன்றும் 20 முறைக்குக் குறையாமற் பிறரால் மேற்கோளாக எடுத்தாளப்பட்டிருப்பின் அவர் 20 என்னும் எண்ணுக்கு உரியவர். இவ்வாறு பெறத்தக்க எண்களுள் மிகப் பெரியதே எச் சுட்டெண் எனப்படும். நியமனமும் பதவியுயர்வும் வழங்குவோர் கைக்கு இஃது எளிய கோலாக வந்து வாய்த்தது.

அக்கோல் எல்லாத் துறைக்கும் பொருந்துமோ? ஹேர்ஷ் தம் கட்டுரையிலேயே தந்த கணக்கின்படி, பௌதிகத்தில் முன்னின்ற எட்வேட் விற்றனின் எண் 110. உயிரியலில் முன்னின்ற சொலமன் ஸ்னைடரின் எண் 191. இதனாற் பின்னவரே பேரறிஞர் எனத் துணிதல் பேதைமையாம். வேறுபாடு துறைகளின் வழக்கில் உள்ளது. உயிரியலார் பலராய்க் கூடி எழுதுவர். மேற்கோள்களையும் நிரம்பக் காட்டுவர். கணிதரோ சிலவே எழுதுவர். அன்ட்ரூ வைல்ஸ் பேர்மாவின் இறுதித் தேற்றத்தின்பொருட்டு ஏழாண்டுகள் பெரும்பாலும் தனித்தே உழைத்தார். மாறாக, ஹிக்ஸ் துணிக்கையின் திணிவை உரைத்த 2015 ஆம் ஆண்டுக் கட்டுரைக்கு ஆசிரியர் 5,154 பேர்! அதன் 33 பக்கங்களுள் 24 பக்கங்களை அவர்தம் பெயர்களும் நிறுவனங்களுமே கொண்டன.

இதற்கு அறிஞர் கண்ட பரிகாரம் வகுத்தலாகும். ஒரு கட்டுரை பெற்ற மேற்கோட்டொகையை, அதே துறையில் அதே ஆண்டில் வந்த அதே வகைக் கட்டுரைகளின் சராசரியால் வகுத்தல் வேண்டும். கணிதக் கட்டுரையொன்று 6 மேற்கோள் பெற, துறைச் சராசரி 3 எனக் கொள்வோம், ஈவு 2. உயிரியற் கட்டுரை 30 பெற, சராசரி 20 எனின் ஈவு ஒன்றரையே. கூட்டாசிரியர் பலராயின் பங்கினையும் பகிர்ந்தளிப்பர்.

ஆயினும் வகுத்தற்குரிய தொகை முதற்கண் எண்ணப்பட்டிருத்தல் வேண்டுமன்றோ? மேற்கோள்களை எண்ணும் பெருஞ்சுட்டிகள் ஆங்கில ஆய்விதழ்களையே பெரிதும் நோக்குவன. நூல்களும் பிறமொழி ஆய்வுகளும் அவற்றிற் குறைவாகவே இடம்பெறும். சி. வை. தாமோதரம்பிள்ளையவர்கள் ஏடுகளை ஒப்புநோக்கி 1887 இற் கலித்தொகையைப் பதிப்பித்தார்கள். அத்தகைய பதிப்பொன்றை இன்று ஒருவர் வெளியிட்டு அது சுட்டியில் ஏறாதொழியின், அவர் பெறுவது பூச்சியம். பூச்சியத்தை எச்சராசரியால் வகுப்பினும் பூச்சியமே என்பதைக் கீழ்வகுப்பு மாணவரும் அறிவர். தமிழாராய்ச்சியை மேற்கொள்ளக் கருதும் நம் மாணவர்க்கு இது வெறும் ஏட்டுச் செய்தியன்று, பிழைப்பைப் பற்றியது.

2015 இல் வெளிவந்த லெய்டன் அறிக்கை, எண்கள் அறிஞர்தம் மதிப்பீட்டுக்குத் துணையாதலன்றி அதன் இடத்தைக் கொள்ளலாகாது என்றும், அவ்வந் நாட்டுக்குரிய ஆய்வின் சிறப்புப் பேணப்படல் வேண்டும் என்றும் கூறிற்று. ஆகவே அத்தகைய நூலைத் துறையறிந்தார் இருவர் மூவர் எடுத்துப் படித்தே மதித்தல் வேண்டும். படித்தற்குக் காலம் செல்லும். அக்காலத்தை நியமனக் குழுவினர்க்குக் கொடுத்தல் வேண்டும்.