கடலுக்குப் போகும் தண்ணீரெல்லாம் வீணா?

ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கம் விவசாயிகள் கூடினால் இந்த ஆதங்கம் கட்டாயம் வரும்: ‘மலைக்கு அந்தப் பக்கம் தண்ணி வீணா கடலுக்குப் போகுது. இங்க கண்மாய் காய்ஞ்சு கிடக்கு.’

பம்பா-அச்சன்கோவில்-வைப்பாறு இணைப்புக்கான சாத்தியக்கூறு அறிக்கையை, தேசிய நீர் மேம்பாட்டு முகமை 1995-ல் தயாரித்தது. ஆண்டுக்கு 634 மில்லியன் கன மீட்டர், அதாவது சுமார் 22 டி.எம்.சி வைப்பாற்றுக்கு வரும். 91,400 ஹெக்டேர் பாசனம் பெறும் என்றது. கேரளா சம்மதிக்கவில்லை. திட்டம் அப்படியே கிடக்கிறது.

மறுப்பில் இருப்பது அரசியல் மட்டுமல்ல. இந்த ஆறுகள் போய்ச் சேரும் குட்டநாட்டில், கடல் மட்டத்துக்குக் கீழே நெல் விளைகிறது. ஆற்றுநீர் குறைந்தால் வேம்பநாட்டுக் காயல் வழியாக உப்புநீர் ஏறும். அதைத் தடுக்கத்தான் தண்ணீர்முக்கத்தில் ஷட்டர் போட்டார்கள். மூடினால் நெல் பிழைக்கும், காயல் மீன் குறையும். அங்கே வயலில் நிற்பவரும் நம்மைப்போல சம்சாரிதான்.

மனிதருக்கு எவ்வளவு, ஆற்றுக்கு எவ்வளவு என்று முனைவர் பட்டத்துக்காக ஆய்வு செய்பவர்கள் ஆண்டு மொத்தத்தோடு நிற்பதில்லை. மாதக் கணக்கைப் பார்க்கிறார்கள். பம்பாவில் ஜூன், ஜூலையில் வெள்ளம் புரளும். மார்ச்சில் ஆறு மெலிந்துவிடும். மீன் ஏறிப்போக எவ்வளவு ஆழம் வேண்டும், உப்பு எதுவரை ஏறுகிறது என்று பார்த்து ஆற்றின் பங்கை முதலில் ஒதுக்குவார்கள். மேல் கங்கைக்கு மத்திய அரசு 2018-ல் இப்படித்தான் விதித்தது: நவம்பர் முதல் மார்ச் வரை நீரோட்டத்தில் 20 சதவிகிதம், ஜூன் முதல் செப்டம்பர் வரை 30 சதவிகிதம் ஆற்றிலேயே ஓட வேண்டும்.

‘வீணாகிறது’ என்பதைவிட, ‘வெள்ள மாதத்தில் இவ்வளவு தாருங்கள்’ என்று கேட்பதுதான் பலமான வாதம் என்பேன். அணை கட்டினால் காடு மூழ்குமே என்பது தனி வழக்கு.

நம் பக்கமும் இதே கதைதான். அய்யனார்கோவில் ஆற்றுநீரில் ஒரு பங்கு, ராஜபாளையம் குடிநீருக்காக ஆறாவது மைல் நீர்த்தேக்கத்துக்குப் போகிறது. கீழே கண்மாய்களும் காத்திருக்கின்றன. உங்கள் கண்மாய்க்கு வருவது எவ்வளவு என்று நீங்களே அளக்கலாம். வரத்துக்காலில் நேரான 10 மீட்டரைக் குறித்து, தேங்காய் மட்டைத் துண்டை மிதக்க விடுங்கள். 20 விநாடியில் கடந்தால், வேகம் விநாடிக்கு அரை மீட்டர். அகலம் 2 மீட்டர், சராசரி ஆழம் 0.4 மீட்டர் என்றால், மூன்றையும் பெருக்க 0.4 கன மீட்டர். மேல்மட்ட நீர் சற்று வேகமாக ஓடும் என்பதால் 0.85-ஆல் பெருக்கினால், விநாடிக்கு 340 லிட்டர். 15 நாளுக்கு ஒருமுறை தேதியோடு நோட்டில் எழுதுங்கள். குறைதீர் கூட்டத்துக்கு அந்த நோட்டோடு போகலாம். வெள்ளம் புரளும் நாளில் மட்டும் கால்வாயில் இறங்க வேண்டாம்.